டெக்ஸ்ட் ஃபைலுக்குள் குதிப்பது எப்படி?

சி லேபில் ஃபைல் எக்சர்சைஸ் வந்தால் நம்மில் பலர் ஃபைலைத் திறப்போம், வரிவரியாகப் படிப்போம், மூடிடுவோம். நடுவில் ஒரே ஒரு மார்க்கை மட்டும் மாத்தணும்னா? அங்கதான் ஃபைல் பாயிண்டரை நகர்த்தத் தெரியணும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நாம் அறிவிக்கும் எஃப்பி என்ற வேரியபிள் வேறு. ஃபைலுக்குள் அடுத்துப் படிக்கவோ எழுதவோ போகும் இடம் வேறு. எஃப்பிக்கு பிளஸ் பிளஸ் போட்டால் அந்த இடம் நகராது, புரோகிராம்தான் கெட்டுப்போகும்.

நகர்த்துவதற்கென்றே உள்ள ஃபங்ஷன்கள் இவை:

எஃப்டெல்: இப்போ எங்கே இருக்கிறோம் என்று சொல்லும்.
எஃப்சீக்: சொன்ன இடத்துக்குப் போகும். எந்த ஃபைல், எத்தனை பைட், எங்கிருந்து என மூன்று விவரம் கொடுக்கணும். ஆரம்பத்திலிருந்து என்றால் சீக் செட், இருக்கும் இடத்திலிருந்து என்றால் சீக் கர், கடைசியிலிருந்து என்றால் சீக் எண்ட்.
ரீவைண்ட்: நேராக ஆரம்பத்துக்குத் திரும்பும்.

இப்போ இந்த மார்க் ஃபைலைப் பாருங்க:

101 78
102 64
103 91

லினக்ஸில் ஒரு வரிக்கு 6 எழுத்து, ஒரு நியூலைன், ஆக 7 பைட். மூன்றாவது வரி 14இல் தொடங்கும். விண்டோஸில் நியூலைனுக்கே 2 பைட் என்பதால் அதே வரி 16இல் தொடங்கும். அங்கே 14க்குக் குதித்து எஃப்கெட்ஸ் போட்டால் வெற்று வரிதான் கிடைக்கும்!

தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் கவனம். 'தமிழ்' கண்ணுக்கு 3 எழுத்து. யூடிஎஃப்-8இல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. 4 பைட் நகர்ந்தால் 'ம'வின் நடுவில் போய் நிற்போம்.

அதனால்தான் சி ஸ்டாண்டர்டு ஒரு விதி வைத்திருக்கிறது: டெக்ஸ்ட் ஃபைலில் எஃப்சீக்குக்குக் கொடுக்கும் எண் 0 ஆக இருக்கணும், இல்லைன்னா அதே ஃபைலில் எஃப்டெல் முன்பு தந்த மதிப்பை சீக் செட்டோடு கொடுக்கணும். மனக்கணக்கு வேண்டாம், எஃப்டெல்லைக் கேளுங்க.

இன்னொரு ஆபத்து: எழுதுவது இடையில் நுழைக்காது, இருப்பதன் மேலேயே எழுதும். லினக்ஸில் 64 இருந்த இடத்தில் 100 எழுதினால் கூடுதல் 0 நியூலைனை விழுங்கிவிடும். வரி '102 100103 91' என்று ஆகிவிடும். ஒருவர் மார்க் கூடப்போய் இன்னொருவர் ரெக்கார்டே காணாமல் போகும்! மார்க்குக்கு எப்பவும் 3 இடம் ஒதுக்கி 078, 064, 091 என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

சரியான வழி:

1. ஃபைலை ஆர் பிளஸ் மோடில் திறக்கவும். ஏ பிளஸ் வேண்டாம்; எங்கே குதித்தாலும் அது கடைசியில்தான் எழுதும்.
2. ஒவ்வொரு வரியையும் படிக்கும் முன் எஃப்டெல் மதிப்பை ஒரு லாங் வேரியபிளில் சேமிக்கவும்.
3. தேடிய எண் கிடைத்ததும் அந்த மதிப்புக்கு எஃப்சீக் செய்து, அதே நீளத்தில் முழு வரியையும் எழுதவும்.
4. மறுபடி படிக்கும் முன் எஃப்ஃப்ளஷ் அல்லது எஃப்சீக் கட்டாயம்.

இப்போ உங்க முறை. மார்க்கை 3 இடமாக மாத்தி, 103க்கு 100 போட்டு, ரீவைண்ட் செய்து முழு ஃபைலையும் பிரிண்ட் பண்ணுங்க. லினக்ஸில் முதல் வரியைப் படித்ததும் எஃப்டெல் 8 காட்டினால் நீங்க சரியான பாதையில் இருக்கீங்க!