வழிகாட்டும் கை

மாணவர்களே! சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் எப்படித் தோன்றியது, தெரியுமா? 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்றனர். அங்கே சில மாதங்கள் தங்கி, தொழில் தெரிந்தவரிடம் கற்றுத் திரும்பினர். புத்தகத்தில் இல்லாத நுணுக்கங்களை ஒருவர் அருகில் இருந்துதானே கற்க முடியும்!

மருத்துவ ஆராய்ச்சியும் அப்படித்தான். நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

பால் பிராண்ட் என்பவர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். ஒருநாள் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கு இருந்தவர் ராபர்ட் காக்ரேன் என்னும் தொழுநோய் அறிஞர்.

நோயாளிகளின் விரல்கள் நகங்களைப் போல வளைந்து மடங்கியிருந்தன. இதைச் சரிசெய்ய வழியில்லையா என்று பிராண்ட் கேட்டார். காக்ரேன் விடை சொல்லவில்லை. எலும்பு, மூட்டு அறுவையில் தேர்ந்தவர் நீங்கள். உங்கள் துறையினர் எவரும் இதை ஆராயவில்லையே, ஏன் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி பிராண்டின் வாழ்க்கையையே மாற்றியது.

பிராண்டும் அவருடைய குழுவினரும் ஏராளமான நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்தார்கள். ஓர் உண்மை தெளிவாயிற்று. தொழுநோய் எல்லா நரம்புகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. முழங்கை அருகே செல்லும் நரம்பு கெடுவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. ஆனால் முன்கையின் பல தசைகள் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால், நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலோடு இணைக்கலாம் அல்லவா? அவ்வாறே அறுவை செய்தார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் தேய்வதற்கும் காரணம் புரிந்தது. வலி தெரியாததால், சூடும் வெட்டும் பட்டாலும் நோயாளி கையை விலக்குவதில்லை. காயமே விரலைக் குறைக்கிறது.

வழிகாட்டப்பட்டவர் அடுத்து வழிகாட்டியானார். மேரி வர்கீஸ் வேலூரில் பணியாற்றிய இளம் மருத்துவர். 1954-ல் ஒரு கார் விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. இனி மருத்துவத் தொழில் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். பிராண்டோ, கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தில் ஹோவர்டு ரஸ்க் என்பவரிடம் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

கவனித்தீர்களா? காக்ரேன் கேள்வியைத் தந்தார், விடையைத் தரவில்லை. பிராண்ட் ஏற்கெனவே தேர்ந்த மருத்துவர். அவருக்கும் வழிகாட்டி தேவைப்பட்டார். மேரியோ ஓர் ஆசிரியருடன் நிற்காமல் மற்றோர் ஆசிரியரையும் தேடிச் சென்றார்.

செய்து பாருங்கள்:

1. இடக் கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலக் கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். விரலை அசைக்கும் தசை எங்கே இருக்கிறது?

2. முழங்கையின் உட்புறப் பள்ளத்தை மெல்லத் தட்டுங்கள். எந்த விரல்களில் 'சுரீர்' என்கிறது? ஏன்?

விடையை ஆசிரியரிடம் உடனே கேட்காதீர்கள். உங்கள் அடுத்த கேள்வியோடு செல்லுங்கள்.