ஏற்றமும் இறக்கமும்

நுழையும்முன்

பல்லவரும் சாளுக்கியரும் பொருத புள்ளலூரைத் தன்னகத்தே கொண்ட காஞ்சிபுரம் மாவட்டம், ஏரிகளை நம்பி நெல் விளைவித்த நிலம். இன்று அங்கே மகிழுந்துகளும் செல்பேசிகளும் உருவாகின்றன. பெருநிறுவன வேலை ஒரு குடும்பத்தை உயர்த்தவும் வல்லது. ஒரே அறிவிப்பில் நிலைகுலையச் செய்யவும் வல்லது. அவ்விரு நிலைகளையும் ஓர் ஆலையின் வரலாற்றின்வழி அறிவோம்.

ஏற்றம்

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் செல்பேசி ஆலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். மழை பொய்த்தாலும் திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியம் உழவுக் குடும்பங்களுக்குப் புதிது. உடன்பிறந்தோர் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் அது கைகொடுத்தது. பொருளீட்டும் மகளின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உயர்ந்தது.

இறக்கம்

தொடுதிரைச் செல்பேசிகள் பரவியபோது சந்தையில் நோக்கியாவின் இடம் சரிந்தது. 2013இல் வரி வழக்கும் எழுந்தது. 2014 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது; வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. சில திங்கள் ஒப்பந்த அடிப்படையில் இயங்கிய ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பலர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வில் விலகியிருந்தனர். தொழிலாளர் உழைப்பில் குறையில்லை. அவர்கள் வாழ்வைத் தீர்மானித்த முடிவுகளோ அவர்கள் கைக்கு எட்டாத இடங்களில் எடுக்கப்பட்டன.

எஞ்சுவது எது?

பேராலையில் வேலை சிறுசிறு செயல்களாகப் பகுக்கப்படுகிறது. ஒருவர் உறுப்பைப் பொருத்துவார், மற்றொருவர் சோதிப்பார். ஆண்டுக்கணக்கில் ஒரே செயலைச் செய்தவருக்கு வேறிடத்தில் வேலை எளிதில் அமைவதில்லை. தர ஆய்வு, பொறிப் பராமரிப்பு, கணினி இயக்கம் முதலியவற்றையும் பணிக்காலத்திலேயே கற்றவர்க்கு வாய்ப்புகள் விரிகின்றன.

மூடப்பட்ட ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, 2020இல் மின்னேற்றிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. வேலை மீண்டும் வந்தது. ஆனால் இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அத்தகைய இடைவெளியைக் கடக்கச் சேமிப்பும் பல்திறனும் துணைநிற்கும். ஆலை நிறுவனத்தின் உடைமை. கற்ற தொழிலறிவோ தொழிலாளியின் உடைமை.

தெரிந்து தெளிவோம்

வருங்கால வைப்பு நிதிக்காகத் தொழிலாளியின் ஊதியத்தில் பொதுவாக 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. ஒருவர் எத்தனை நிறுவனங்களுக்கு மாறினாலும் அவருக்குரிய 12 இலக்கப் பொதுக்கணக்கு எண் மாறுவதில்லை.