தோற்காமல் வெளியேறிய அணி

கேள்வி: ஐயா, நாங்கள் சுன்னாகம். மகன் பாடசாலையின் 18 வயதுப் பிரிவு உதைபந்தாட்ட அணியில் பின்கள வீரன். மாதக்கணக்காய் விடிய ஐந்தரைக்கு எழும்பிப் பயிற்சிக்குப் போனவன். வலய மட்டத்தில் முதல் ஆட்டமே 1–1. சமநிலை தவிர்ப்பு உதையில் 4–3 என்று போய்விட்டது. அத்தோடு இந்த வருடம் சரி. ஒஹாயோவில் படிக்கும் என் பெறாமகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அவனுடைய பல்கலைக்கழக அணி தன் ‘கொன்பரன்ஸில்’ இரண்டு ஆட்டம் தோற்றும் அமெரிக்கச் சம்பியன் ஆனதாம். அதெப்படி? எங்கடை பெடியள்தான் ஒன்றுக்கும் உதவாதவர்களா?

பதில்: முதலில் கணக்கைத் திருத்துவோம். உங்கள் மகனின் அணி தோற்கவில்லை. சமநிலை தவிர்ப்பு உதை வரை போன ஆட்டம் பதிவேட்டில் சமநிலை என்றே ஏறும். அடுத்த சுற்றுக்கு யார் போவது என்று பார்க்கத்தான் அந்த உதைகள். லீக் முறையாக இருந்திருந்தால் ஒரு புள்ளியோடு வீட்டுக்கு வந்து, அடுத்த கிழமை ஆட்டத்துக்காகச் சப்பாத்தில் ஒட்டிய செம்பாட்டு மண்ணைக் கழுவிக்கொண்டிருப்பான்.

பெறாமகன் சொன்னது மெய். அவர்களுடையது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேறு விளையாட்டு. அதை விடுங்கள், ஒழுங்கைப் பாருங்கள். கொன்பரன்ஸ் என்பது ஒன்றோடொன்று ஆண்டுதோறும் விளையாட ஒத்துக்கொண்ட கல்லூரிகளின் கூட்டு. அவனுடைய ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ‘பிக் டென்’ கொன்பரன்ஸ் 1896இல் ஏழு பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. பெயரில் பத்து, இன்று உள்ளே பதினெட்டு! 2024இல் ஒவ்வோர் அணிக்கும் கொன்பரன்ஸுக்குள்ளேயே ஒன்பது ஆட்டங்கள். ஒஹாயோ ஸ்டேட் ஒக்டோபரில் ஓரிகனிடம் 32–31 என்று ஒரே புள்ளியால் தோற்றது. நவம்பர் கடைசியில், சொந்த மைதானத்தில், பரம வைரியான மிச்சிகனிடம் 13–10. கொன்பரன்ஸ் இறுதி ஆட்டத்துக்கே அது போகவில்லை. ஆனாலும் மற்ற ஆட்டங்களில் காட்டிய திறமைக்காக, அமெரிக்கச் சம்பியனுக்கான சுற்றில், நாடு முழுவதிலுமிருந்து தெரிவான பன்னிரண்டு அணிகளில் ஒன்றாக இடம் கிடைத்தது. அங்கே அதே ஓரிகனை 41–21 என்று அடித்து, 2025 ஜனவரி 20இல் நோட்ரடாம் அணியை 34–23 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. நம் வலய முறையில் அந்த அணி ஒக்டோபரிலேயே பையைக் கட்டியிருக்கும்.

கணக்கைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். விலகல் முறையில் பதினாறு பாடசாலைகள் மோதினால் மொத்தம் 15 ஆட்டங்கள். அதில் எட்டுப் பாடசாலைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு. ஆறு பாடசாலைகள் லீக் முறையில் விளையாடினாலும் அதே 15 ஆட்டங்கள்தான். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து கிடைக்கும். வலயத்தில் விலகல் முறை வைப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். பாடசாலைகள் அதிகம், மைதானம் குறைவு, மத்தியஸ்தரும் குறைவு. பரீட்சைகளுக்கு நடுவே கிடைக்கும் சில நாட்களில் மாகாணத்துக்கு ஓர் அணியை அனுப்பியாக வேண்டும்.

அதிலும் வலிகாமம் வலயம் இலேசான இடமில்லை. இளவாலை புனித ஹென்றியரசரும் தெல்லிப்பழை மகாஜனாவும் உதைபந்தில் பெயர் எடுத்தவை. மகாஜனாவின் பெண்கள் அணி அகில இலங்கைக் கிண்ணமே கொண்டுவந்திருக்கிறது. முதல் சுற்றில் யார் வந்து மாட்டுவார் என்பது சீட்டு விழுவதைப் பொறுத்தது.

நான் பழக்கிய ஒரு பெடியன் நினைவுக்கு வருகிறான். பதினொரு மீற்றர் தூரம், ஏழு மீற்றருக்கும் மேல் அகலமான கோல். சமநிலை தவிர்ப்பில் ஐந்தாவது உதையைக் கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டான். பந்து வேலி தாண்டிப் புகையிலைத் தோட்டத்துக்குள் போனது. அதை எடுக்க அவனே ஓடினான். பந்தோடு திரும்பி வர நெடுநேரம் எடுத்தது. மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம் இருந்திருந்தால் வந்திருப்பான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். கந்தரோடை ஸ்கந்தா, தெல்லிப்பழையில் மகாஜனாவும் யூனியனும், இளவாலை, மானிப்பாய், வட்டுக்கோட்டை எல்லாம் சைக்கிள் ஓட்டத்துக்குள் உள்ள இடங்கள். ஐந்தாறு பாடசாலைகள் சம்மதித்தால் சிநேகபூர்வ லீக் ஒன்றை இரண்டாம் தவணைக்குள் முடிக்கலாம். முதலாம் தவணை வேண்டாம். இல்ல மெய்வல்லுநர் போட்டியும் கிரிக்கெட் பெரும் போட்டிகளும் அதை விழுங்கிவிடும். கிண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புள்ளி அட்டவணை கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு திங்களும் அறிவித்தல் பலகையில் அது தொங்கவேண்டும். ஐந்தாவது இடத்தில் நிற்பவனும் நாலாவது இடத்துக்காக ஓடுவான்.

ஒன்று மட்டும். திகதி போடமுன் எல்லாப் பெடியளின் ரியூசன் நேரத்தையும் கேட்டு எழுதி எடுங்கள். சுன்னாகத்தில் சனிக்கிழமை காலையை அதற்கென்று கேட்டு வாங்குவது ஹென்றியரசரை வெல்வதைவிடக் கஷ்டம்.