அளவறிந்த உப்பு

சென்னையின் வடகோடியில், எண்ணூரில், கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. ஒருபால் வங்கக் கடல் ஓயாது முழங்கும். மற்றொருபால் கழிமுகம் விரிந்து கிடக்கும். இவ்வாறு நீர் சூழ்ந்த ஊரில் வளரும் சிறுவரும் ஓர் உண்மையை நன்கு அறிவர்: கண்ணுக்கெட்டிய தொலைவு நீர் இருப்பினும், அது குடித்தற்கு ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதனைப் பருகினால், அவ்வுப்பை வெளியேற்றுதற்காக உடல், பருகிய நீரினும் மிகுதியான நீரைச் செலவிட நேரும். வேட்கை தணியாது பெருகும். ஆதலின் கடல்மேற் செல்வோர் குடிநீரைக் கையொடு கொண்டு செல்வர்.

ஆயினும், அதே உப்பு அளவறிந்து சேர்க்கப்படுமாயின், நீர் வற்றி வாடும் உயிரை மீட்கும் மருந்தாகின்றது. வயிற்றுப்போக்கிற்குக் கண்ட மருந்துகளுள் தலையாயது இதுவே.

மழைக்காலத்தில் வெள்ளமும் கழிவுநீரும் கலந்து குடிநீரிற் சேருமாயின், வயிற்றுநோய்கள் தோன்றுதல் இயல்பு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலை அடுத்து வந்த வெள்ளத்தொடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, அப்பகுதி மக்களைப் பெரிதும் வருத்தியது. இத்தகைய காலங்களில் நோய்க்கு முதலில் இரையாகுவோர் குழந்தைகளே.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் கற்பிக்கும் நெறி. அந்நெறிப்படி வயிற்றுப்போக்கை ஆராய்வோம். நாம் பருகும் நீரும், உமிழ்நீர் முதலிய செரிமான நீர்களும் சேர்ந்து, வளர்ந்த ஒருவர் குடலுள் நாள்தோறும் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் புகுகின்றது. அதில் மிகப்பெரும் பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. நோய்க்கிருமிகளால் இத்தொழில் கெடும்போது, நீரும் உப்பும் உடலினின்று வெளியேறிவிடுகின்றன. நா வறளும், கண் குழிவிழும், சிறுநீர் குறையும், பச்சிளங் குழந்தைக்கு உச்சிக்குழி தாழும். பெரும்பாலோரைக் கொல்வது இந்நீரிழப்பே.

இந்நோய்களுள் கொடியது வாந்திபேதி எனப்படும் காலரா. அதன் கிருமியை 1884-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து பிரித்தறிந்தார். அக்கிருமி வெளிவிடும் நஞ்சே குடலினின்று நீரைப் பெருக்குகின்றது என்பதை 1959-இல் அதே நகரத்து மருத்துவ அறிஞர் சம்புநாத் தே தெளிவுறக் காட்டினார். வடசென்னைத் தண்டையார்ப்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனை நெடுங்காலம் காலரா நோயாளரை ஏற்றுப் பேணிவந்தது. இழந்த நீரை நரம்பின் வழியே உப்புநீராக ஏற்றுதலே அக்காலத்துச் சிறந்த மருத்துவம். ஆயின் அதற்குத் தூய ஊசியும் குப்பிகளும் பயிற்சியுடையோரும் வேண்டும். இவை இல்லாத சிற்றூர்களில் ஏழையர் என் செய்வர்?

விடை, அடுக்களையிலேயே இருந்தது. 1953-இல் ஏமேந்திரநாத் சாட்டர்ஜி என்னும் மருத்துவர், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாக அளித்துக் காலரா நோயாளரை நலப்படுத்திய செய்தியை வெளியிட்டார். உலகம் அதனைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் அதன் உட்பொருளை விளக்கினார். குடற்சுவர் உப்பிலுள்ள சோடியத்தையும் சர்க்கரையையும் ஒருசேர ஏற்கின்றது. சர்க்கரை துணைவரின் உப்பு உட்புகும். உப்புப் புகுந்த வழியே நீரும் தொடரும். காலராவால் தாக்குண்ட குடலிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. 1968-இல் டாக்காவில் நடந்த ஆய்வுகள் இதன் பயனை உறுதிப்படுத்தின.

1971-ஆம் ஆண்டில் இம்மருந்திற்குப் பெருஞ்சோதனை வந்தது. வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக மேற்கு வங்காளம் புகுந்தனர். எல்லைப்புற ஊராகிய பனகாவுன் முகாமில் காலரா பரவியது. மருத்துவமனை அறைகளில் நோயாளர் தரையிற் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவரும் நிலை. அங்குப் பணிபுரிந்த மருத்துவர் திலீப் மகலனாபிசு, இனித் தயங்குதற்கு நேரமில்லை என உணர்ந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என அளந்து, பொட்டலங்களாகக் கட்டுவித்தார். அதனைக் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பிக் குழாய் பொருத்தி வைத்தார். நோயாளரின் தாயரும் உடன்பிறந்தாரும் குவளையில் ஏந்திச் சென்று, தாமே ஊட்டினர். பயிலாதார் கையில் மருத்துவத்தை ஒப்படைக்கலாமா என்று ஐயுற்றவரும் இருந்தனர். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழாகக் குறைந்தமையே அவ்வையத்திற்கு விடையாயிற்று. மகலனாபிசு 2022-இல் மறைந்தார்; 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

இன்று ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரால் இம்மருந்து சிற்றூர்களிலும் கிடைக்கின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் இப்போது வகுத்துள்ள கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் வேறிரு உப்புகளும் உள்ளன. உறையின்மேற் குறித்த அளவு நீரைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் உறையிலுள்ள பொடி முழுவதையும் கரைத்தல் வேண்டும். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. பொட்டலம் கிட்டாதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு அளவு சர்க்கரையும் அரை அளவு உப்பும் கரைத்துத் தரலாம். உப்பு மிகுந்தால் அது கடல்நீர் போலத் தீங்கு செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்தும். இனிப்பு மிகுந்த கடைப் பானங்களும் இதற்கு ஈடாகா.

நீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று கருதி, குழந்தைக்கு நீரையும் பாலையும் நிறுத்துவோர் உளர். இது பெரும்பிழை. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, உணவும் அளித்தல் வேண்டும். நம் முன்னோர் அளித்த உப்பிட்ட அரிசிக்கஞ்சியும் நற்றுணையே; அரிசியின் மாப்பொருள் குடலிற் சர்க்கரையாக மாறுகின்றது. குழந்தை வாந்தி செய்தால் பத்து நிமிடம் பொறுத்துச் சிறிது சிறிதாக மீண்டும் ஊட்டுக. மருத்துவர் அறிவுரைப்படி துத்தநாக மருந்தைப் பத்து முதல் பதினான்கு நாள் வரை தருதல், நோய்க்காலத்தைக் குறைக்கும். போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது. கிருமிகொல்லி மருந்துகள் எல்லா வயிற்றுப்போக்கிற்கும் வேண்டுவன அல்ல; மருத்துவர் கூறினாலன்றி அவற்றை உண்ணற்க. மலத்திற் குருதி காணினும், குழந்தை பருக மறுப்பினும், மயங்கினும், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

நெட்டுக்குப்பத்துக் கரையில் அலைவீசும் நீரிலும், தாய் கரண்டியால் ஊட்டும் நீரிலும் உள்ள உப்பு ஒன்றே. ஒன்று உயிரை வாட்டுகின்றது. மற்றொன்று உயிரை மீட்கின்றது. இடையே நிற்பது அளவு பற்றிய அறிவு. அவ்வறிவைத் தாமும் பெற்று, தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைத்தல் மாணவர் கடன்.