எஃகுத்தலை மீனும் செயற்கை ஈயும்

வட அமெரிக்காவின் மேலைக் கரையில், கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரையுள்ள ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் காணப்படும். எஃகுத்தலை என்பது அப்பெயரின் பொருள். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட வானவில் டிரௌட்டும் இதுவும் ஒரே இனமே. ஆற்றிலேயே தங்குவது டிரௌட். கடலுட் சென்று வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றை நாடி மீள்வது ஸ்டீல்ஹெட்.

தூண்டில் முள்ளின்மேல் இறகும் மயிரும் வைத்து நூலால் வரிந்து சமைப்பதே செயற்கை ஈயாம். டிரௌட் பிடிப்போன், மீன் அவ்வேளையில் உண்ணும் பூச்சியைக் கண்டு, அதனைப் போன்ற ஈயைத் தெரிந்தெடுப்பான். ஸ்டீல்ஹெட்டிற்கு இம்முறை அத்துணைப் பொருந்தாது. கடலினின்று மீண்ட மீன் ஆற்றில் இரை தேடுவது அரிது; உடலிற் சேர்ந்த கொழுப்பைக் கொண்டே காலங் கழிக்கும். பின் ஈயைக் கவ்வுவது ஏன்? இளமைப் பழக்கம் என்பாரும், சினம் என்பாரும் உளர். ஆதலின், மீன் எதனை உண்ணும் என வினவுதலினும், எதனைக் காணும், எவ்வளவு தொலைவு அசைந்து வரும் என வினவுதலே தக்கது. இதற்கு விடையளிப்பது ஆற்று நீரே.

ஓரிகன் நாட்டு நார்த் அம்ப்குவா ஆறு கோடையில் பளிங்கெனத் தெளிந்திருக்கும். நீர் மிகக் குளிராதாகலின் மீன் மேலெழுந்து வரும். ஆங்கு மிதக்குங் கயிறும் சிறிய கரிய ஈயும் போதும். கரிய உடலும் வெண்சிறகும் உடைய ஸ்கங்க் என்னும் ஈ பெயர் பெற்றது. நீர்மேல் வழுக்கிச் செல்லும் ஈயையும் மீன் பாய்ந்து கவ்வும்.

அந்நாட்டு டெஷூட்ஸ் ஆறு வறண்ட பள்ளத்தாக்கினூடே ஓடுவது. வெயில் நேரே விழும்போது மேல்நீரில் ஈயை விடுதல் பெரும்பாலும் பயன்படாது. விடியலும் அந்தியுமே ஏற்ற காலம். ஒளி குன்றிய அவ்வேளையில் கருநிற ஈயே வானொளியில் தெளிவாகத் தோன்றும்.

வாஷிங்டன் நாட்டு ஹோ ஆறு ஒலிம்பஸ் மலைப் பனிக்கட்டியிற் பிறப்பது. மாரிக்கால மழையிற் கலங்கும். குளிரால் மந்தமுற்ற மீன் தொலைவு செல்லாது. ஆதலின் செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா முதலிய நிறமுடைய பெரிய ஈயை, அமிழுங் கயிற்றினால் மீனின் வாயருகே மெல்லச் செலுத்தல் வேண்டும்.

இங்ஙனம் ஆற்றை அறிந்தோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அணைகளாலும் காடழிவாலும் நீர் வெப்பத்தாலும் இம்மீன் குன்றி வருகின்றது. 1997-ஆம் ஆண்டு முதல் பல ஆறுகளின் ஸ்டீல்ஹெட் கூட்டங்களை அமெரிக்க அரசினர் அழிவை அணுகுவனவற்றுட் சேர்த்தனர். 2021-இல் வரவு மிகக் குறைந்தமையால், நார்த் அம்ப்குவாவிலேயே சில மாதங்கள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது. பண்ணையில் வளர்த்த மீனின் முதுகிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுவர். அத்துடுப்புக் குறையாத இயற்கை மீனைப் பெரும்பாலான ஆறுகளில் உயிருடன் விடுத்தல் விதியாம். எதிர்முள் இல்லாத தூண்டில் அதற்குத் துணை செய்யும். நீர் வெதும்பிய நாளில் பிடிபட்ட மீன் விடுத்தபின்னும் இறத்தல் கூடும்.

எவ்வாற்றிற்கு எவ்வீ என்று அறிதல் ஒரு கல்வி. ஈப்பெட்டியைத் திறவாது கரையினின்று மீளவேண்டிய நாள் எது என அறிதலும் அக்கல்வியின் பகுதியே என்பது நம் கருத்து.