விமானத்தில் செல்போன்: எது பயம், எது ஆபத்து?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து நோட்டை மூடிய பிறகு, ஒரு சகோதரி எழுந்து சந்தேகம் கேட்டார். அவருடைய மகன் முதல் தடவையாக வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அனுப்பும்போது அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "பிளேன்ல ஏறினதும் போனை அணைச்சிருப்பா. அணைக்கலேன்னா பிளேனே விழுந்துருமாம்."

அதே அம்மாதான், பவர் பேங்க் தொலைந்துவிடக் கூடாது என்று அதைத் துண்டில் சுற்றி, பெரிய பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்து அனுப்பினார். விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்தபோது அது தெரிந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதை வெளியே எடுக்க வைத்தார்கள். விமானம் போய்விடுமோ என்று பையன் பதறிப் போனானாம்.

"போனைக் கையிலேயே வச்சிருந்தான், ஒண்ணும் சொல்லலையாம். இந்தச் சின்ன சாமானுக்குப் போய் இவ்வளவு கெடுபிடி. எதுதாங்க நெசமான ஆபத்து?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் பிள்ளைகள் பலர் வெளிநாடு போகிறார்கள். நம்மில் சிலரும் இப்போது விமானம் ஏறுகிறோம். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

போனின் அலை விமானத்தை என்ன செய்யும்?

செல்போன் கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலை மூலம் டவரோடு பேசுகிறது. விமானமும் அப்படித்தான். விமானி தரையில் உள்ள கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதும், மேகமூட்டத்தில் ஓடுபாதையைக் கண்டுபிடித்து இறங்குவதும் ரேடியோ அலையின் உதவியால்தான்.

போனின் அலைவரிசை வேறு, விமானத்தின் அலைவரிசை வேறு. ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் ஓர் இடத்திலும் இன்னொரு ஸ்டேஷன் வேறு இடத்திலும் கிடைப்பது போல. ஆனாலும் எந்த மின்னணுக் கருவியிலிருந்தும் கொஞ்சம் அலை கசியத்தான் செய்யும். நம் கூட்டத்திலேயே பார்த்திருப்பீர்கள். மைக் செட்டுக்குப் பக்கத்தில் பட்டன் போனை வைத்தால், அழைப்பு வருவதற்கு முன்பே ஸ்பீக்கரில் "டிட் டிட் டிர்ர்" என்று சத்தம் வரும். விமானியின் காதில் மாட்டிய ஹெட்போனிலும் அதே சத்தம் கேட்கலாம். தரையிலிருந்து வரும் உத்தரவைக் கவனமாகக் கேட்க வேண்டிய நேரத்தில் அது தொந்தரவுதான். ஆனால் தொந்தரவு வேறு, விமானம் விழுவது வேறு.

தடை எப்படி வந்தது?

கையில் எடுத்துப் போகும் எப்.எம். ரேடியோக்கள், வழி காட்டும் கருவிகளைக் குழப்புகின்றன என்று தெரிந்ததால், 1960-களிலேயே அமெரிக்காவில் பயணிகளின் கருவிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. செல்போனுக்கு அங்கே தடை வந்தது 1991-ல். அந்தத் தடையைப் போட்டது விமானப் பாதுகாப்புத் துறை அல்ல, தொலைத்தொடர்புத் துறை! காரணமும் வேறு. தரையில் இருக்கும் போன் பக்கத்தில் உள்ள ஒன்றிரண்டு டவரோடு பேசும். வானத்தில் இருக்கும் போனுக்கோ ஒரே நேரத்தில் பல டவர்கள் தெரியும். இதனால் தரையில் இருப்பவர்களின் போன் சேவை கெடும் என்று பயந்தார்கள்.

இது நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? "அணைக்கலேன்னா பிளேன் விழுந்துரும்" என்று வந்து சேர்ந்தது.

விசாரித்ததில் தெரிந்தது என்ன?

பயமே தேவையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2003 முதல் 2009 வரை, பயணிகளின் கருவிகளால் இடைஞ்சல் வந்திருக்கலாம் என்று விமான ஊழியர்கள் கருதிய 75 சம்பவங்களைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தொகுத்தது. ஆனால் கருவிதான் காரணம் என்று அதில் நிரூபிக்கப்படவில்லை.

2003 ஜூன் மாதம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அருகில் ஒரு சிறிய விமானம் இறங்கும்போது விழுந்து 8 பேர் இறந்தார்கள். கடைசி நிமிடங்களில் விமானியின் சொந்த செல்போனே இயங்கிக்கொண்டு இருந்தது. அது ஒரு கருவியைத் தவறாகக் காட்ட வைத்திருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது. "இருக்கலாம்" என்றுதான் சொன்னது, உறுதியாகச் சொல்லவில்லை.

பயணியின் போன் அலையால்தான் விழுந்தது என்று நிரூபிக்கப்பட்ட பெரிய பயணிகள் விமான விபத்து ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் விதிகளும் தளர்ந்தன. விமான நிறுவனங்கள் தங்கள் விமானம் இந்த அலைகளைத் தாங்குமா என்று சோதித்துக் காட்டினால், ஏறுவது முதல் இறங்குவது வரை போனை பிளைட் மோடில் வைத்துப் பயன்படுத்தலாம் என்று 2013 அக்டோபரில் அமெரிக்கா அறிவித்தது. 2014-ல் இந்தியாவிலும் இதற்கு அனுமதி வந்தது.

அப்படியென்றால் பிளைட் மோட் எதற்கு?

இதற்கு நம் குழுவிலேயே பதில் இருக்கிறது. வங்கியில் பணம் எடுக்க ஒருவர் கையெழுத்து போதாது என்று வைத்திருக்கிறோமே, கையெழுத்துப் போடுகிறவர் மேல் சந்தேகமா? இல்லை. நூறு தடவையில் ஒரு தடவை தப்பு நடந்தாலும் எல்லோருடைய பணமும் போய்விடும் என்பதால்தான். விமானத்திலும் அப்படியே. ஒரு போன் அல்ல, இருநூறு போன்கள் இருக்கும். பழைய விமானமும் இருக்கும், பழுதான போனும் இருக்கும். ஒரு பட்டனைத் தட்டுவதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. பனிமூட்டத்தில் இறங்கும்போது முழுவதும் அணைக்கச் சொன்னால் அணைத்துவிட வேண்டியதுதான்.

உண்மையான ஆபத்து: பேட்டரி

இப்போது அந்தச் சகோதரியின் துண்டு சுற்றிய பவர் பேங்குக்கு வருவோம்.

செல்போன், பவர் பேங்க், லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. சின்ன இடத்தில் நிறைய சக்தியை அடைத்து வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்து நசுங்கினாலோ, உள்ளே பழுதானாலோ அது தானாகவே சூடாகும். அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். புகை வரும், தீ பிடிக்கும். அணைந்தது போல் தெரிந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

2010 செப்டம்பரில் துபாயில் ஒரு சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்த பகுதியில்தான் தீ கிளம்பியது. 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற பயணிகள் விமானம் எரிந்தது. தலைக்கு மேலே பை வைக்கும் இடத்தில்தான் தீ தொடங்கியது. பவர் பேங்க் பேட்டரி உள்ளே பழுதானதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது. விமானம் தரையில் நின்றதால் 176 பேரும் உயிர் பிழைத்தார்கள். நடுவானில் என்றால் என்ன ஆகியிருக்கும்?

பெரிய பெட்டி போவது விமானத்தின் அடிப்பகுதிக்கு. அங்கே ஆள் கிடையாது. தீயணைக்கும் வாயு இருந்தாலும், உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே போகும் பேட்டரியை அது நிறுத்தாது. கையோடு இருந்தால் புகை வந்த உடனே கண்ணில் படும். பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். ஆகவே பெட்டியைத் திறக்க வைத்தது வீண் கெடுபிடி இல்லை, சகோதரிகளே.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பவர் பேங்க், தனி பேட்டரி எதையும் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

2. பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். அதன் மேல் எழுதியிருக்கும். சாதாரண பவர் பேங்கில் 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-அவர், பயமில்லை. 27,000-க்கு மேல் போனால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அளவு அழிந்துபோனதை எடுத்துப் போக வேண்டாம்.

3. உப்பிய பேட்டரி, கீழே விழுந்து உடைந்தது, விலை மலிவு என்று வாங்கிய பெயர் தெரியாத சரக்கு – இவை வேண்டாம்.

4. பவர் பேங்கைத் தலைக்கு மேல் உள்ள இடத்தில் வைக்காமல், கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

5. போன் இருக்கை இடுக்கில் விழுந்தால், இருக்கையை முன்னே பின்னே அசைத்துத் தேடக் கூடாது. போன் நசுங்கித் தீ பிடிக்கலாம். பணிப்பெண்ணைக் கூப்பிட வேண்டும்.

6. போன் சூடானாலோ, புகை வந்தாலோ மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். திட்டுவார்களே என்று பயப்படக் கூடாது.

7. இது வீட்டுக்கும் பொருந்தும். ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துவோம்.

குழுவில் பேசுவதற்கு

இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

• நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள்? அவர்கள் பெட்டியை அடுக்குவது யார்?

• நம் வீடுகளில் உப்பிய பேட்டரி உள்ள போன் எத்தனை இருக்கிறது?

• "அப்படியாம்" என்று கேள்விப்பட்டு நாம் பயப்படும் வேறு விஷயங்கள் என்ன? அவற்றை யாரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்?

கேட்டதை அப்படியே நம்பினால் பயம் ஒரு பக்கம் இருக்கும், ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கும். அந்தச் சகோதரி கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை அவன் வந்துட்டுப் போறப்போ, பவர் பேங்கை நானே அவன் கைப்பையில வச்சு அனுப்புவேன்." நாமும் அப்படியே செய்வோம்.