அகேட் கற்களை மெருகிட எந்தத் தூள்?

தக்காணத்து எரிமலைப் பாறைகளினின்று உதிர்ந்து, நர்மதை, கோதாவரி முதலிய நதிகளின் சரளையில் கிடக்கும் அகேட் கற்களைப் பொறுக்கி வந்து, ரப்பர் பீப்பாயில் நீரோடும் தூளோடும் வாரக்கணக்கில் உருட்டி மெருகிட விரும்பும் அன்பர், கல்லின் நிறத்தைக் காட்டிலும் அதன் கடினத்தையே முதலில் விசாரிக்க வேண்டும். மோஸ் அளவையில் அகேட் ஏறக்குறைய 7 ஆதலால், அதனினும் தெளிவாகக் கடினமான பொருளாலன்றி அது தேயாது. கடற்கரை மணலில் கிடைக்கும் கார்னெட்டும் ஏறத்தாழ அதே கடினம் உடையதாகையால், எவ்வளவு மலிவாயினும் அதை நான் சிபாரிசு செய்யேன்.

எஞ்சியவை இரண்டு. காம்பே நகரத்துக் கைவினைஞர் அகேட் மணிகளைத் தோல்பையில் நீரோடு இட்டு உருட்டி மெருகேற்றப் பயன்படுத்திய குருந்தத் தூள், இயற்கையில் விளைந்த அலுமினியம் ஆக்ஸைடே. மற்றொன்று, அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1893இல் காப்புரிமை பெற்ற சிலிக்கன் கார்பைடு. இவற்றுள் பின்னது நொறுங்குந்தோறும் புதிய கூர்முனைகளைத் தருகிறது. முன்னதோ அவ்வளவு எளிதில் உடையாமல், மெல்ல மெல்ல மழுங்கி நெடுநாள் உழைக்கிறது. ஆகவே கல்லுக்கு வடிவம் தர சிலிக்கன் கார்பைடும், பிரகாசம் தர மிக நுண்ணிய அலுமினியம் ஆக்ஸைடும் என்று பிரித்துக்கொள்வதே உசிதம்.

உப்புத்தாளைப் போலவே இங்கும் எண் சிறிதானால் துகள் பெரிது. 60/90, பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் மெருகுத் தூள் என்பது வழக்கமான வரிசை. இவற்றில் சிரத்தையும் செலவும் முழுமையாகச் சேர வேண்டிய இடம் முதற்கட்டமே என்பது என் திடமான அபிப்பிராயம். 3 ராத்தல் கொள்ளும் பீப்பாயை மூன்றில் இரண்டு பங்கு கல்லால் நிரப்பி, 4 மேஜைக்கரண்டி 60/90 இட்டு ஒரு வாரம் உருட்டினால் தூள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அப்போது திறந்து, கழுவி, ஒவ்வொரு கல்லாகப் பரீட்சித்து, குழியோ வெடிப்போ மிஞ்சியவற்றைப் புதுத் தூளோடு மீண்டும் அதே கட்டத்திற்கு அனுப்ப வேண்டுமேயன்றி, அடுத்த தூள் அதைச் சரிசெய்துவிடும் என்று நம்பி மேலே செல்லலாகாது. 120/220 கீறலை நீக்கும், குழியை நீக்காது.

எரிமலைக் கண்ணாடி, புளூரைட் போன்ற மிருதுவான கற்களுக்கு 60/90 வேண்டியதில்லை, 120/220இலேயே ஆரம்பிக்கலாம். மெருகுக்குச் சீரியம் ஆக்ஸைடை வாங்குவோர் உண்டு. கண்ணாடிக்கு அது விசேஷமானதுதான், ஆனால் அகேட்டுக்கு அலுமினியம் ஆக்ஸைடே போதும், விலையும் குறைவு.

எத்தூளாயினும், கட்டம் மாறும்போது பீப்பாயின் மூடி விளிம்பையும் கல்லின் வெடிப்புகளையும் தேய்த்துக் கழுவுக. ஒட்டிக்கொண்ட ஒரு பெரிய துகள் மெருகுக் கட்டம் முழுவதையும் கீறிவிடும். கழுவிய சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாமல், ஒரு வாளியில் தெளியவைத்து, வண்டலைக் குப்பையில் சேர்ப்பீர்களாக. குழாயினுள் அது சிமென்ட்டாய் இறுகிவிடும்.